கூட்டினால் குறையும் வேகம்

மேசைக் கணினியில் ரேம் கூட்டும் வேலையை இரு காலங்களில் வைத்துப் பார்ப்போம். ஒன்று, விண்டோஸ் 95 ஓடிய பென்டியம் கணினி. மற்றொன்று, டிடிஆர்5 ரேம் ஏற்கும் இன்றைய கணினி. விண்டோஸ் 95 குறைந்தது 4 எம்பி கேட்டது. விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி கேட்கிறது. சரியாக 1,024 மடங்கு.

கை செய்யும் வேலை மாறியிருக்கிறது. அன்றைய 72 பின் ரேமைச் சாய்வாக நுழைத்து நிமிர்த்தினால், இருபுறக் கிளிப்புகளும் பிடித்துக்கொள்ளும். இன்றைய 288 பின் ரேமை நேராக நிறுத்தி, கிளிப் தானே மூடும்வரை அழுத்த வேண்டும். முதன்முறை செய்பவர் மதர்போர்டு உடைந்துவிடுமோ என்று அஞ்சும் அளவுக்கு அழுத்தம் தேவைப்படும். மின்கம்பியைக் கழற்றிவிட்டு, கேபினட்டின் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னை இறக்குவது இரண்டுக்கும் பொது.

ஜோடி சேர்ப்பதில்தான் முதல் வியப்பு. பென்டியத்தின் தரவுப் பாதை 64 பிட். 72 பின் ரேம் ஒவ்வொன்றும் 32 பிட். ஆகவே இரண்டிரண்டாகப் போட்டால்தான் கணினி உயிர்பெறும். பிறகு வந்த 168 பின் ரேம் தனியாகவே 64 பிட் தந்து, அந்தக் கட்டாயத்தை நீக்கியது. இன்றோ ஜோடி வேறு காரணத்துக்காகத் திரும்பியிருக்கிறது: ஒரு ரேமிலும் கணினி இயங்கும், ஆனால் இரு சேனல்களிலும் ஒவ்வொன்று இருந்தால்தான் முழு அகலமும் கிடைக்கும். அதிலும், டிடிஆர்5 ரேம் ஒவ்வொன்றும் தனக்குள்ளேயே இரண்டு 32 பிட் பாதைகளாகப் பிரிந்திருக்கிறது. பழைய ஜோடி ஒரே அட்டைக்குள் குடியேறிவிட்டதுபோல.

இதைவிட ஆழமான உறவு ஒன்று உண்டு. இரு காலத்திலும், ரேம் கூட்டினால் வேகம் குறையக்கூடும்.

இன்டெலின் 430எஃப்எக்ஸ், 430விஎக்ஸ், 430டிஎக்ஸ் சிப்செட்டுகள் 128 எம்பி வரையோ அதற்கு மேலோ ரேமை ஏற்றன. ஆனால் அவற்றின் கேஷ் (அடிக்கடி வேண்டும் தரவை வைத்திருக்கும் சிறு வேக நினைவகம்) ரேமின் முதல் 64 எம்பிக்கு மேல் எட்டாது. அந்த எல்லைக்கு அப்பால் அமர்ந்த நிரல், கேஷின் துணையின்றித் தள்ளாடியது. இன்று, ரைசன் 7000 வரிசைச் செயலிகளுக்கு ஏஎம்டி தரும் கணக்கு இது: இரண்டு ரேம் போட்டால் நொடிக்கு 520 கோடிப் பரிமாற்றம், நான்கு போட்டால் 360 கோடி. ஒரே சேனலில் இரண்டு ரேம் தொங்கும்போது மின்சமிக்ஞையின் தெளிவு கெடுவதே காரணம்.

முன்னது முகவரிக்கு எட்டாத குறை. பின்னது மின்சமிக்ஞையின் குறை. முன்னதில் 64 எம்பிக்கு மேற்பட்ட பகுதி மட்டும் மந்தமாகும். பின்னதில் போட்டது அத்தனையும் மந்தமாகும். இந்த வகையில் பழையதே நேர்மையாக நடந்துகொண்டது என்பேன்.

ஆனாலும், நினைவகம் போதாமல் கணினி வட்டை நாடும் நிலையில், மந்தமான ரேம்கூட வட்டைவிடப் பன்மடங்கு வேகமானது. பற்றாக்குறை உள்ளவர் தயங்காமல் கூட்டலாம். புதிதாக வாங்குவதானால் நான்கு 8 ஜிபிக்குப் பதில் இரண்டு 16 ஜிபி வாங்குங்கள். எந்த இரண்டு ஸ்லாட்டில் போடுவது என்பதை மதர்போர்டு கையேட்டில் பார்த்துவிட்டுக் கேபினட்டைத் திறவுங்கள்.