ஜான் பிங்கம்

ஜான் ஆர்மர் பிங்கம் (ஜனவரி 21, 1815 – மார்ச் 19, 1900) ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த வழக்கறிஞரும் அரசியல்வாதியும் ஆவார். கேடிஸ் என்னும் சிற்றூரில் வழக்கறிஞராகப் பணியாற்றிய இவர், அமெரிக்க அரசியலமைப்பின் 14ஆவது திருத்தத்தின் முதற்பிரிவை வரைந்தவர்களுள் முதன்மையானவர்.

இளமை

பென்சில்வேனியாவின் மெர்சர் நகரில் பிறந்தார். தாயின் மறைவுக்குப் பின் கேடிசில் வணிகராக இருந்த தந்தையின் உடன்பிறந்தவரிடம் வளர்ந்தார். அச்சகம் ஒன்றில் தொழில் பயின்றார். பின்னர் அடிமை ஒழிப்புக் கருத்துகள் வலுவாக இருந்த பிராங்க்ளின் கல்லூரியில் கற்றார். முன்னாள் அடிமையான டைட்டஸ் பாஸ்ஃபீல்ட் இங்கு இவருடன் பயின்றார். 1840இல் வழக்கறிஞரானார்.

அரசியல்

1854ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று பிரதிநிதிகள் அவைக்குச் சென்றார். பின்னர் குடியரசுக் கட்சியில் இணைந்தார். கறுப்பினத்தவர் குடியேறுவதைத் தடைசெய்த அரசியலமைப்புடன் ஒரிகன் மாநிலமாக இணைவதை 1859இல் எதிர்த்துப் பேசினார். 1862இல் தோல்வியுற்று, 1865இல் மீண்டும் அவைக்குத் திரும்பினார். அவ்வாண்டு ஆபிரகாம் லிங்கன் கொலை வழக்கை விசாரித்த இராணுவ ஆணையத்தில் அரசுத் தரப்பில் வாதாடினார். 1868இல் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் மீதான பதவி நீக்க விசாரணையில் பிரதிநிதிகள் அவையின் சார்பில் நிறைவுரை ஆற்றினார். ஒரு வாக்குக் குறைவால் ஜான்சன் தப்பினார்.

14ஆவது திருத்தம்

உரிமைகள் சாசனம் நடுவண் அரசை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் 1833இல் தீர்ப்பளித்திருந்தது. எனவே ஒரு மாநிலம் தன் மக்களின் பேச்சுரிமையையோ உடைமையையோ பறித்தால், நடுவண் அரசியலமைப்பின் அந்தச் சாசனத்தைக் காட்டி அதைத் தடுக்க இயலவில்லை. உள்நாட்டுப் போருக்குப் பின் தென் மாநிலங்கள், விடுதலை பெற்ற கறுப்பினத்தவரை ஒடுக்கும் சட்டங்களை இயற்றின. இக்குறையைக் களையவே பிங்கம் முயன்றார்.

1866 பிப்ரவரியில் இவர் முன்வைத்த முதல் வரைவு ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த வரைவு, குடிமக்களின் உரிமைகளைக் குறைக்கும் சட்டங்களை மாநிலங்கள் இயற்றக் கூடாது என்றும், முறையான சட்ட நடைமுறையின்றி எவருடைய உயிரையும் விடுதலையையும் உடைமையையும் பறிக்கக் கூடாது என்றும், எவருக்கும் சட்டங்களின் சமப் பாதுகாப்பை மறுக்கக் கூடாது என்றும் கூறியது. "குடிமகன்" என்பதற்குப் பதில் "எவரும்" என்னும் பொருள்படும் சொல் ஆளப்பட்டதால், பிற்பகுதியின் பாதுகாப்பு அயல்நாட்டவருக்கும் கிடைத்தது. குடியுரிமையை வரையறுக்கும் முதல் வாக்கியம் இவருடையதன்று. அது மேலவையில் சேர்க்கப்பட்டது. திருத்தம் 1868 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

பிற்காலம்

1873இல் உச்ச நீதிமன்றம் இத்திருத்தத்தின் பொருளைச் சுருக்கியது. அதே ஆண்டில் பிங்கம் ஜப்பானுக்கான அமெரிக்கத் தூதராகச் சென்று 1885 வரை பணியாற்றினார். மேலை நாடுகள் ஜப்பான் மீது சுமத்திய சமமற்ற உடன்படிக்கைகளைத் திருத்த வேண்டும் என வாதிட்டார். கேடிசில் காலமானார்.

தாக்கம்

பிங்கம் எண்ணியவற்றுள் பெரும்பகுதி 20ஆம் நூற்றாண்டிலேயே நிறைவேறியது. உரிமைகள் சாசனத்தின் பல கூறுகள் இத்திருத்தத்தின் வழியே மாநிலங்களுக்கும் பொருந்தும் என உச்ச நீதிமன்றம் ஒவ்வொன்றாக ஏற்றது. 1947இல் நீதிபதி ஹியூகோ பிளாக், அரசியலமைப்பின் சிற்பியான மாடிசனுடன் இவரை ஒப்பிட்டார். பள்ளிகளில் இன ஒதுக்கல் செல்லாது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பு சமப் பாதுகாப்பு விதியை அடிப்படையாகக் கொண்டது. இந்திய அரசியலமைப்பின் 14ஆவது உறுப்பில் உள்ள "சட்டங்களின் சமப் பாதுகாப்பு" என்ற தொடரும் இத்திருத்தத்திலிருந்து பெறப்பட்டதே.