‘போலி’ என்னும் பெயரும் ஒரு மரபணுவின் இழப்பும்

1972இல் சுசுமு ஓனோ, மரபணுத்தொகையின் பெரும்பகுதியைக் ‘குப்பை டி.என்.ஏ.’ என்றார். 1977இல் ஆப்பிரிக்கத் தவளையொன்றின் 5எஸ் டி.என்.ஏ.வை ஆராய்ந்தோர், மரபணுவை ஒத்தும் செயலற்றதாகத் தோன்றிய பகுதிக்குப் ‘போலி மரபணு’ எனப் பெயரிட்டனர். பயனற்றது என்ற தீர்ப்பு அப்பெயரிலேயே அடங்கியிருந்தது.

1997இல் 10ஆம் குரோமோசோமில் பி-டென் என்னும் கட்டி அடக்கும் மரபணு கண்டறியப்பட்டது. கொடிய தோல் புற்றுநோயான மெலனோமா பலவற்றில் அது இழக்கப்படுகிறது. அதன் போலிப் படி 9ஆம் குரோமோசோமில் உள்ளது. புரத உருவாக்கத்தைத் தொடங்கும் குறி அதில் சிதைந்திருப்பதால், அது புரதம் தருவதில்லை.

ஆனால் ஆர்.என்.ஏ. தருகிறது. பி-டெனை ஒடுக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை அந்த ஆர்.என்.ஏ. தன்பால் ஈர்த்து, மூல மரபணுவைக் காக்கிறது என 2010இல் லாரா போலிசேனோ, பியர் பாவ்லோ பண்டோல்ஃபி குழுவினர் ‘நேச்சர்’ இதழில் காட்டினர். போலிப் படியை இழந்தால் அக்காவலும் குறையும். 2011இல் மனித மெலனோமாவிலும் அவ்விழப்பு பதிவாயிற்று.

ஐயங்களும் எழுந்தன. மெலனோமாவில் அடிக்கடி அழியும் சி.டி.கே.என்.2ஏ மரபணு, 9ஆம் குரோமோசோமின் அதே குறுங்கையில் உள்ளது; அதனுடன் சேர்ந்தே போலிப் படியும் நீங்கியிருக்கக்கூடும். தனியொரு ஆர்.என்.ஏ.வின் இயல்பான ஏற்றத்தாழ்வு இத்தகைய விளைவைத் தருவது அரிது என்ற எதிர்வாதம் 2014இல் முன்வைக்கப்பட்டது.

விவாதம் முடியவில்லை. எனினும், புற்றுநோயின் இழப்புகளைக் கணக்கிடுகையில் புரதம் தரும் மரபணுக்களை மட்டுமே எண்ணுவது போதாது என்பது தெளிவாகியுள்ளது.