மேயர் ஸ்டாலின்: ஓட்டு போட்டது மக்கள், கடிவாளம் யார் கையில்?

தெருவில் மழைத் தண்ணீர் தேங்கினால் உடனே மேயரைத் திட்டுகிறோம். ஆனால் மேயர் பதவிக்கு உண்மையில் எவ்வளவு பலம் இருக்கு? சென்னை மேயராக மு.க. ஸ்டாலின் இருந்த காலத்தைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

எப்படி மேயரானார்?

ஊழல் புகாரால் 1973-ல் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த 23 வருடம் தேர்தலே இல்லை. 1993-ல் அமலுக்கு வந்த 74-வது அரசியலமைப்புத் திருத்தம்தான் நகராட்சித் தேர்தலைக் கட்டாயமாக்கியது. 1996 அக்டோபரில் சென்னை மக்கள் முதல்முறையாக மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஜெயித்தவர் ஸ்டாலின். அப்போது அவர் ஆயிரம் விளக்கு எம்.எல்.ஏ.வும்கூட. முதல்வர், அவருடைய அப்பா கருணாநிதி.

என்ன செய்ய முடிந்தது?

'சிங்காரச் சென்னை' முழக்கமும், அந்தக் காலத்தில் எழுந்த 9 மேம்பாலங்களும் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன. ஒன்றைக் கவனிங்க: மாநகராட்சி நிர்வாகத்தை நடத்துவது கமிஷனர். அவரை நியமிப்பது மாநில அரசு. கோட்டையும் ரிப்பன் மாளிகையும் ஒரே கட்சியிடம் இருந்தது அவருக்குப் பெரிய பலம்.

ஆட்சி மாறியதும் என்னாச்சு?

2001 மே மாதம் அதிமுக ஆட்சிக்கு வந்தது. அக்டோபரில் ஸ்டாலின் மறுபடியும் மேயரானார். 2002-ல் ஜெயலலிதா அரசு சட்டத்தைத் திருத்தியது: எம்.எல்.ஏ., மேயர் என இரண்டு பதவியை ஒருவரே வைத்திருக்கக் கூடாது. கேட்க நியாயமான விதிதான். ஆனால் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த மேயர், சில மாதங்களிலேயே பதவியை விட வேண்டி வந்தது. ஸ்டாலின் எம்.எல்.ஏ.வாகத் தொடர்ந்தார்.

அப்புறம்?

2006-ல் உள்ளாட்சித் துறை அமைச்சர், 2009-ல் துணை முதல்வர், 2021-ல் முதல்வர். அவருடைய கிராஃப் ஏறியது. மேயர் பதவியின் நிலைமையோ வேறு. 2006-ல் கவுன்சிலர்களே மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2011-ல் மறுபடி நேரடித் தேர்தல். 2016 முதல் 2022 வரை சென்னையில் மேயரே இல்லை. 2022-ல் ஆர். பிரியா மேயரானதும் கவுன்சிலர்கள் வழியாகத்தான். அப்போது முதல்வர், நேரடித் தேர்தலில் ஜெயித்து மேயரான அதே ஸ்டாலின்.

உங்களுக்கு இதில் என்ன?

இந்த முறையில் உங்க ஓட்டு வார்டு கவுன்சிலருக்கு மட்டும்தான். மேயர் யார் என்பதை முடிவு செய்வது அவர்கள். அதனால் அடுத்த தேர்தலில் வார்டு வேட்பாளர் ஓட்டு கேட்டு வரும்போது, சின்னத்தை மட்டும் பார்க்காதீங்க. "மேயராக யாருக்கு ஓட்டு போடுவீங்க?" என்றும் கேளுங்க.