சிவப்பு அங்கியும் ஒரு பீப்பாய்த் தண்ணீரும்

1779 ஜனவரியில், ஹவாய்த் தீவின் கேயலகேகுவா விரிகுடாவில், கலானிஓபுஉ என்ற அரசன் தன் தோளிலிருந்த இறகு அங்கியைக் கழற்றிக் காப்டன் குக்குக்குப் போர்த்தினான். மூன்று வாரம் முடியுமுன் குக் அதே கரையில் கொல்லப்பட்டார். அங்கி இங்கிலாந்து போய், 1912இல் நியூஸிலாந்தின் வெல்லிங்டன் நகர மியூஸியத்துக்கு வந்து, 2016இல் ஹொனலூலுவுக்குத் திரும்பியது. அதன் சிவப்பு, இஇவி என்ற பறவையின் சிவப்பு. வளைந்த அலகால் பூவில் தேன் குடிக்கும் சின்னக் காட்டுப் பறவை. அங்கிக்குச் சுமார் 20,000 பறவைகளின் இறகுகள் ஆகியிருக்கும் என்பது மதிப்பீடு.

இந்த எண்ணைப் படித்ததும் நான் தீர்ப்பெழுதிவிட்டேன். பகலெல்லாம் பேரேட்டில் பற்று வரவு எழுதுகிறவனுக்கு அது சுலபம்: அரசர்களின் ஆடம்பரம், பறவையின் அழிவு. கணக்கு தப்பு. தலைமுறை தலைமுறையாக இறகெடுத்த பிறகும், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்கூட இஇவி அங்கே சாதாரணமாகத் தென்பட்ட பறவைதான்.

பதிவாக வேண்டிய பற்று வேறு. 1826இல் வெல்லிங்டன் என்ற கப்பல் (பெயர்ப் பொருத்தம் என் ஜோடனையல்ல) மௌயித் தீவின் லஹைனாவில் தண்ணீர் பிடிக்க நின்றது. பீப்பாயின் அடித் தண்ணீரை ஓடையில் கொட்டினார்கள் என்றும், அதிலிருந்த புழுக்களிலிருந்தே ஹவாயின் முதல் கொசுக்கள் வந்தன என்றும் சொல்கிறார்கள். இறகெடுத்தவனுக்குப் பறவை வேண்டியிருந்தது. பீப்பாய் கழுவியவனுக்குப் பறவை இருப்பதே தெரியாது. பின்னால், அழகுக்கென்று இறக்குமதியான அயல் பறவைகளோடு மலேரியாக் கிருமியும் வந்து சேர்ந்ததாகக் கருதப்படுகிறது.

ரொனால்ட் ராஸ் 1898இல் கல்கத்தாவில், கொசுவழி மலேரியா பரவுவதை முழுமையாக நிரூபித்தது மனிதரில் அல்ல, பறவைகளில். கவிதையும் எழுதிய அந்த மனிதரைப் பற்றிய நம் பள்ளிப் பாடங்களில் பறவைகள் ஏனோ இல்லை. 1995இல் வெளியான சோதனையில், ஒரே ஒரு கொசுக் கடிக்கு உள்ளான பத்து இஇவிகளில் ஒன்பது மாண்டன.

கொசு ஏறாத குளிர்ந்த மலைக்காடுகளில் மிச்சம் தங்கியிருக்கிறது. லானாய்த் தீவில் அடியோடு இல்லை. வெப்பம் ஏற ஏறக் கொசுவும் மேலே ஏறுகிறது. மலைக்கோ உச்சி என்று ஒன்று உண்டு. 2017இல் அமெரிக்க அரசு இஇவியை அபாயத்திலுள்ள இனமாக அறிவித்தது. 2023 முதல் மௌயிக் காடுகளில் வானிலிருந்து கொசுக்களையே விடுகிறார்கள். எல்லாம் ஆண் கொசுக்கள், கடிக்காதவை; அவற்றோடு கூடும் பெண் கொசுவின் முட்டைகள் பொரிவதில்லை.