அட்டைப் பயணச்சீட்டும் டி.ஏ. பில்லும்

பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவில் நான் சேர்ந்த காலத்தில், ஆய்வு மாணவர் ஒருவர் மாநாட்டுக்குக் கிளம்பினால் வீடே சேர்ந்து பணம் புரட்டும். 1914-இல் கல்கத்தாவில் தொடங்கிய இந்திய அறிவியல் மாநாடு பெரும்பாலும் ஜனவரியில், ஊர் மாறி ஊர் கூடும். கட்டுரை ஏற்புக் கடிதம், வழிகாட்டியின் பரிந்துரை, துறைத்தலைவரின் கையொப்பம் எல்லாம் சேர்ந்த பிறகுதான் அனுமதி. திரும்பும் ரயிலுக்குத் தந்தி கொடுத்து இடம் கேட்க வேண்டும்.

அன்றைய பயணச்சீட்டு கட்டைவிரல் நீளமுள்ள கெட்டி அட்டை. அதில் அச்சிட்டிருக்கும் வரிசை எண்ணை டி.ஏ. பில்லில், அதாவது பயணப்படி கோரும் பில்லில், எழுதியாக வேண்டும். ஆனால் ஊர் போய்ச் சேர்ந்ததும் நிலைய வாசலிலேயே அட்டையை வாங்கிக்கொள்வார்கள். எண் இல்லாத பில் திரும்பிவிடும். "தம்பி, ரயில் ஏறின உடனே நம்பரை டைரியில எழுதிடுப்பா" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புவேன்.

பில் தேறினால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன்மேல் கையெழுத்து. 1899-ஆம் ஆண்டு முத்திரைச் சட்டப்படி நெடுங்காலம் 20 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுக்கெல்லாம் அது தேவைப்பட்டது. 2004 முதல் அந்த வரம்பு 5,000 ரூபாய்.

பிறகு ரயில் முன்பதிவு கணினிக்கு மாறி, 2002-இல் இணையத்துக்கும் வந்தது. அட்டை போய் பி.என்.ஆர். எண் வந்தது; விமானத்துக்கு போர்டிங் பாஸ். ஆனாலும் மாணவர் முதலில் கைக்காசைப் போட்டு, பிறகு மாதக்கணக்கில் காத்திருக்கும் வழக்கம் மட்டும் போகவில்லை. வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கு அனுமதிக் கடிதம் மட்டும் போதாது; முன்பணமும் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.