பொதுப் பக்கம் யாருடையது? நினைவக மீட்பின் வரலாற்றிலிருந்து ஒரு கேள்வி

இயக்குதளத்தின் கெர்னல் இடைவிடாது எதிர்கொள்ளும் நெருக்கடி சொல்வதற்கு எளியது. நினைவகம் நிரம்பிவிட்டது, புதிய பக்கத்திற்கு இடம் வேண்டும், இருப்பவற்றுள் எதை வெளியேற்றுவது? இக்கேள்விக்கு அறுபது ஆண்டுகளாக விடைகள் எழுதப்பட்டு வருகின்றன. அதனுள் அடங்கிக் கிடந்த மற்றொரு கேள்வி அதைவிடக் கடினமானது: வெளியேற்ற வேண்டிய பக்கத்தை ஒரே வேளையில் பலர் பயன்படுத்திக்கொண்டிருந்தால் என்ன செய்வது?

1962 டிசம்பரில் மான்செஸ்டரில் தொடங்கிவைக்கப்பட்ட அட்லஸ் கணினியில் முதன்மை நினைவகம் 16,384 சொற்கள். பக்கம் ஒன்றுக்கு 512 சொற்கள். ஆகவே ஒரே நேரத்தில் 32 பக்கங்களுக்கே இடமிருந்தது. ஒவ்வொரு பக்கமும் தொடப்பட்டு எவ்வளவு நேரமாயிற்று, அதற்கு முன் எவ்வளவு நேரம் தொடப்படாமல் கிடந்தது என்னும் இரண்டையும் ஒப்பிட்டு, வெளியேற வேண்டியதை ஒரு சிறு நிரல் தேர்ந்தெடுத்தது. 1966இல் பெலாடி பதிலீட்டு முறைகளை ஒப்பிட்டு ஆராய்ந்தார். 1968இல் பீட்டர் டென்னிங் ஒரு நிரலுக்கு உடனடியாகத் தேவைப்படும் பக்கங்களின் தொகுதி என்னும் கருத்தை முன்வைத்தார். இவ்வாய்வுகளின் மையத்தில் நின்றது தனி நிரலே.

பகிர்வை அடித்தளத்திலேயே கொண்டிருந்த மல்டிக்ஸ் அமைப்பில் இச்சிக்கல் பெரிதாக எழவில்லை. அங்கு ஒரு நினைவகக் கூறுக்கு ஒரே பக்க அட்டவணை; எத்தனை செயல்முறைகள் பகிர்ந்தாலும் அனைத்தும் அந்த ஓர் அட்டவணையையே சுட்டின. ஒரு பதிவை அழித்தால் போதும், பக்கம் எல்லோரிடமிருந்தும் விடுபட்டுவிடும். யூனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸிலோ ஒவ்வொரு செயல்முறைக்கும் தனித்தனி அட்டவணை. பகிர்ந்த பக்கத்திற்கான பதிவுகள் பல இடங்களில் சிதறிக் கிடந்தன.

2001 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.4 இதன் விளைவை வெளிப்படையாக எதிர்கொண்டது. அட்டவணைப் பதிவிலிருந்து பக்கத்தை அடைய வழியிருந்தது. பக்கத்திலிருந்து பதிவுகளை அடைய வழியில்லை. எனவே கெர்னல் ஒவ்வொரு செயல்முறையின் முகவரிவெளியையும் வரிசையாகத் துழாவ வேண்டியிருந்தது. பத்துச் செயல்முறைகள் பகிர்ந்த பக்கம், பத்து அட்டவணைகளிலிருந்தும் நீங்கினாலன்றி விடுபடாது. பத்தாவதை எட்டுவதற்குள் முதலாவது அதை மீண்டும் தொட்டுவிட்டால், அதுவரை செய்த உழைப்பு வீண். அவ்வாண்டு செப்டம்பரில், நிலைத்த வெளியீடுகள் எனப்பட்ட வரிசையின் நடுவிலேயே, 2.4.10இல் நினைவக மேலாண்மைப் பகுதி ஆண்ட்ரியா ஆர்க்காஞ்சலியின் வடிவத்திற்கு மாற்றப்பட்டது. அது கடும் விவாதத்தைக் கிளப்பியது. துழாவும் முறையோ அப்படியே தொடர்ந்தது.

ரிக் வான் ரீல் வேறு வழியை வற்புறுத்தினார். ஒவ்வொரு பக்கமும் தன்னைச் சுட்டும் பதிவுகளின் பட்டியலைத் தன்னுடன் வைத்திருக்க வேண்டும் என்னும் இப்பின்னோக்கு இணைப்பு முறை, மாக் அமைப்பிலும் அதன்வழி பிஎஸ்டி மரபிலும் முன்பே இருந்தது. 2002இல் லினக்ஸின் 2.5 வளர்ச்சி வரிசை இதனை ஏற்றது. தேடும் துன்பம் தீர்ந்தது, பட்டியலே சுமையாயிற்று. தரவுத்தளம் ஒன்றின் 1,000 செயல்முறைகள் 1 ஜிபி பகிர்வு நினைவகத்தை இணைத்துக்கொள்வதாகக் கொள்வோம். 4 கேபி அளவுள்ள பக்கங்கள் 2,62,144. இணைப்புகள் 26 கோடிக்கு மேல். இணைப்புக்கு 8 பைட் என்றாலும் பட்டியல்களுக்கு மட்டும் ஏறத்தாழ 2 ஜிபி வேண்டும். 32 பிட் இன்டெல் கணினிகளில் கெர்னல் நேரடியாகக் கையாளக்கூடியதோ 896 எம்பி. நினைவகத்தை மீட்க வந்த ஏற்பாடே நினைவகத்தை விழுங்கும் நிலை.

2004இல் மாற்று வந்தது. பதிவுதோறும் குறிப்பு வைப்பதற்குப் பதிலாக, பக்கம் எந்தக் கோப்பைச் சேர்ந்தது, அக்கோப்பை எந்த முகவரிப் பகுதிகள் இணைத்துள்ளன என்பதிலிருந்து பதிவின் இடத்தைக் கணக்கிட்டே அறியும் முறை அது. அப்பகுதிகளை விரைந்து தேட, ராஜேஷ் வெங்கடசுப்பிரமணியன் எழுதிய முன்னுரிமைத் தேடல் மரம் பயன்பட்டது. கோப்பு சாராப் பக்கங்களுக்கு ஆர்க்காஞ்சலி இணையான அமைப்பொன்றை உருவாக்கினார். சில ஆண்டுகளுக்கு முன் எதிரெதிராக நின்ற இரு வழிகளும் இங்கே ஒன்றையொன்று நிறைவு செய்தன.

பக்கத்தைப் பயன்படுத்துவோர் யாவர் என்பது இவ்வாறு தெளிவாயிற்று. அதற்குப் பொறுப்பாளர் யார் என்பது எஞ்சியது. 2008இல் வெளிவந்த 2.6.25 இதற்கு ஒரே வேளையில் இரு விடைகளைத் தந்தது. செயல்முறையின் நினைவகப் பயன்பாட்டைக் காட்டும் புதிய அளவீடு, பகிர்ந்த பக்கத்தைப் பகிர்வோர் எண்ணிக்கையால் வகுத்துப் பங்கிட்டது. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய பல்பீர் சிங் முன்னின்று உருவாக்கிய குழுவாரி நினைவகக் கட்டுப்பாடோ, பக்கத்தை முதலில் தொட்ட குழுவின் கணக்கிலேயே முழுவதையும் எழுதியது. பங்கீடு நியாயமானது, ஆனால் ஒருவர் சேர்ந்தாலும் பிரிந்தாலும் எல்லோர் கணக்கையும் திருத்த வேண்டும். முதலில் தொட்டவர் பொறுப்பு என்பது மலிவானது. நெருக்கடி வந்து அப்பக்கம் வெளியேறினால், அடுத்து அதைத் தொடுபவர் கணக்கிற்கு அது மாறும் என்னும் எதிர்பார்ப்பில் நிற்பது.

அவ்வெதிர்பார்ப்பு தடுமாறும் இடம் பகிர்வு நினைவகமே. அதிலுள்ள பக்கங்களை எழுதிவைக்க வட்டில் கோப்பு ஏதுமில்லை; ஸ்வாப் இல்லையெனில் அவற்றை வெளியேற்ற வழியே இல்லை. உருவாக்கிய செயல்முறை மடிந்தாலும், வெளிப்படையாக நீக்கப்படும்வரை அவை நிலைத்திருக்கும். நினைவகம் தீர்ந்த வேளையில் கெர்னல் ஒரு செயல்முறையைக் கொன்றாலும் அந்த இடம் திரும்பாது. குழுவே நீக்கப்பட்ட பின்னும், அதன் கணக்கில் எஞ்சிய பக்கங்களுக்காகக் கெர்னல் அக்குழுவின் பதிவைச் சுமந்துகொண்டிருக்கும். பலர் பயன்பெறும் பொருளுக்கு, இப்போது இல்லாத ஒருவர் பெயரில் கணக்கு ஓடுகிறது.

பதிலீட்டு முறைகள் இன்றும் மேம்படுகின்றன. 2022 டிசம்பரில் வெளிவந்த 6.1இல் பக்கங்களைப் பல தலைமுறைகளாகப் பிரித்துப் பார்க்கும் முறை சேர்ந்தது. எதை வெளியேற்றுவது என்னும் அட்லஸ் காலத்துக் கேள்விக்கான விடை அதனால் கூர்மையாகியுள்ளது. யார் கணக்கில் எழுதுவது என்பதில் 2008இன் முதல்தொடுகை விதியே இன்னும் அடிப்படையாக நிற்கிறது.