உளுந்து டப்பாவுக்குள் ஒரு மாத்திரை அட்டை

என் அம்மா காசைக் கடுகு டப்பாவில் ஒளித்துவைப்பார். நான் மாத்திரையை உளுந்து டப்பாவில் ஒளித்துவைத்தேன். 2016, கள்ளக்குறிச்சி. இரண்டாவது பிள்ளை பிறந்து நான்கு மாதம். குழந்தை அழும், எழுந்திருக்கத் தோன்றாது. எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியாது. வெளியூரில் ஒரு மருத்துவர் இதற்கு மனச்சோர்வு என்று பெயர் சொன்னார். தாய்ப்பால் கொடுக்கிறேனா என்று கேட்டுவிட்டு, செர்ட்ரலின் எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் பைத்திய மாத்திரை என்பார்கள், பிள்ளையை என்னிடம் விடமாட்டார்கள் என்று பயம். ஐந்தாம் மாதம் மனசு தெளிந்திருந்தது. ஒருநாள் மாமியார் இட்லிக்கு ஊறப்போட டப்பாவைத் திறந்தார். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "இது எதுக்கும்மா?" என்றார். தலைவலிக்கு என்றேன். அன்றோடு நிறுத்தினேன்.

மூன்றாம் நாள் தலைக்குள் சுரீர் சுரீரென்று மின்சாரம் பாய்வதுபோல இருந்தது. கிறுகிறுப்பு, கெட்ட கனவு, காரணமில்லாத அழுகை. நோய் திரும்பிவிட்டது என்று நினைத்தேன். மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேன் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை. திடீரென்று நிறுத்தினால் உடம்பு இப்படித் தடுமாறும், வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் விட வேண்டும் என்று மருத்துவர் பிறகு சொன்னார். தூக்க மாத்திரைபோல இன்னும் வேண்டும் என்ற ஏக்கத்தை இது உண்டாக்குவதில்லை. ஆனால் முரட்டுத்தனமாக விட்டால் தண்டிக்கும்.

எனக்கு மருந்தின் பெயர் சொல்லப்பட்டது. அதன் கதை சொல்லப்படவில்லை. அதைப் பிறகு நானே தேடிப் படித்தேன்.

கதை சுவிட்சர்லாந்தில் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் உள்ள மூன்ஸ்டர்லிங்கன் மனநல மருத்துவமனையில் தொடங்குகிறது. 1956 ஜனவரியில் அங்கே கடும் மனச்சோர்வில் இருந்த ஒரு பெண்ணுக்கு, கெய்கி நிறுவனம் அனுப்பிய ஒரு புது வேதிப்பொருளை ரோலண்ட் கூன் என்ற மருத்துவர் கொடுத்தார். சில நாட்களில் அந்தப் பெண் மாறினார். இமிப்ரமின் என்ற முதல் தலைமுறை மனச்சோர்வு மருந்து அப்படித்தான் கண்டறியப்பட்டது. 1957இல் சூரிச் மாநாட்டில் கூன் அதைப் பற்றிப் பேசியபோது பத்துப் பன்னிரண்டு பேர்தான் கேட்டார்களாம். மருத்துவரின் பெயர் நூல்களில் இருக்கிறது. மாத்திரையை விழுங்கிய பெண்ணுக்குப் பெயரும் சில எழுத்துகளும்தான். அந்த மருத்துவமனையில் பல பத்தாண்டுகள் நோயாளிகளின் முறையான சம்மதம் இல்லாமலே மருந்துகள் சோதிக்கப்பட்டதை வரலாற்றாய்வாளர்கள் 2019இல் விரிவாக வெளியிட்டார்கள். பெண்ணின் உடம்பில் தொடங்கி, பெண்ணிடம் கேட்காமல் நடந்த வரலாறு இது.

1963இல் டயசிபாம் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அது பதற்றத்தைத் தணிப்பது, மனச்சோர்வுக்கான மருந்தல்ல. விளம்பரங்களில் சோர்ந்த இல்லத்தரசிகள் இருந்தார்கள். வேலைப்பளுவைக் குறைப்பதைவிட மாத்திரை கொடுப்பது சுலபம். அந்த வகை மாத்திரை எங்கள் ஊருக்கும் வந்தது. அம்மா பல வருடம் "நரம்புக்கு" என்று ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தார். சீட்டு பழசாகிக் கிழிந்த பிறகும் மெடிக்கல் கடையில் வாங்கிக்கொண்டிருந்தார். தூங்கினார், துக்கம் அப்படியே இருந்தது. இன்று அந்த வகை மருந்துகளுக்கு 2014 முதல் நடைமுறையில் உள்ள ஹெச்1 அட்டவணை இருக்கிறது. கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதித்தான் விற்க வேண்டும். அம்மாவின் காலத்தில் அந்தப் பதிவேடு இல்லை.

1956இல் எங்கள் மேற்கே இருக்கும் கல்வராயன் மலை இந்தியச் சுதந்திரத்தைப் பார்க்காமல் இருந்தது. சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்று மூன்று ஜாகிர்கள். மலையாளிப் பழங்குடியினர் ஜாகிர்தார்களுக்கு வரி கட்டினார்கள், கூலியில்லாமல் உழைத்தார்கள். 1976இல்தான் அந்த ஜாகிர்கள் ஒழிந்தன. மனச்சோர்வு மருந்து பிறந்து இருபது வருடம் கழித்துத்தான் மலைக்கு அரசாங்கமே ஏறியது.

நான் அந்த மலையில் ஆசிரியையாக வேலை பார்த்தேன். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி, கரியாலூர் வழியாக வெள்ளிமலைக்குப் பேருந்து. என் வகுப்பில் படித்த பெண்ணின் அம்மா மரவள்ளி போடுகிறவர். ஒருநாள் என்னிடம் ஓர் அட்டையைக் காட்டினார். "டீச்சர், மழையில நாலு நாளா கீழ எறங்க முடியல. மாத்திரை தீந்துபோச்சு. இப்ப வாங்கிட்டேன். விட்டதுக்கும் சேத்துப் போட்டுக்கட்டுமா?" வேண்டாம், மருத்துவரைக் கேட்போம் என்று தொலைபேசியில் பேசவைத்தேன். மருத்துவரும் அதையே சொன்னார்: விட்டதை ஈடுகட்ட இரட்டை மாத்திரை போடக் கூடாது.

நான் நிறுத்தியது பயத்தால். அவர் நிறுத்தியது பேருந்தால். உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் எப்போதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. ஆனால் சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி மேலே என்கிறது. அதற்குக் கீழே இருக்கும் ஊர்களில் இருப்பவர்கள் இறங்கி வர வேண்டும். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். மருத்துவக் கல்லூரி திறந்தது 2022 ஜனவரியில். தூரம் குறைந்திருக்கிறது, மழை நாளில் அது தெரியாது.

அதனால்தான் இந்த மாத்திரைகளைப் பற்றிப் பெண்களிடம் பேசும்போது சிலவற்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். குமட்டலும் தலைவலியும் தூக்கக் கேடும் முதல் வாரமே வரும். அதனால் பலரும் பலன் வருமுன்பே விட்டுவிடுகிறார்கள். இருபத்தைந்து வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குத் தொடக்க வாரங்களில் பரபரப்பும் சாக வேண்டும் என்ற எண்ணமும் கூடலாம். கூட இருப்பவர் கவனிக்க வேண்டும், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். மூட்டுவலிக்கு மாத்திரை, டிரமடால், காசநோய் மருந்து, நாட்டு மருந்து, எது போட்டாலும் சொல்ல வேண்டும். சில சேர்க்கை ஆபத்து. முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் இருந்ததுண்டா என்பதையும் சொல்ல வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்தால் தானாக நிறுத்தக் கூடாது. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மாத்திரைகள் அளவு மீறினால் இதயத்தை நிறுத்திவிடும். பிள்ளைகள் கைக்கு எட்டாமல், மனசு உடைந்த நேரத்தில் தன் கைக்கும் எட்டாமல், நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும்.

சாராயத்தோடு சேர்க்கக் கூடாது என்பதையும் சொல்வேன். சொல்லும்போது குரல் கம்மும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலைமேல் பழி போடுவது எங்கள் ஊரில் எல்லோருக்கும் எளிது. ஆனால் மெத்தனால் மலையில் விளைவதில்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், பெண்களும் உண்டு. அந்த வீடுகளில் மிஞ்சிய பெண்களுக்கு நிவாரணத் தொகை பற்றிக் கேட்கப் பலர் வந்தார்கள். தூங்குகிறாயா என்று கேட்டவர் எத்தனை பேர்?

கூலி, அடி, குடி இவற்றை மாத்திரை மாற்றாது. அதை ஒப்புக்கொண்டுதான் நான் மாத்திரையை ஆதரிக்கிறேன். எழுந்து நிற்க முடிந்த பிறகுதான் நான் சண்டையே போட்டேன்.

இந்த மாத்திரையில் நான் கண்ட பெரிய ஆபத்து வேதியியலில் இல்லை. நான் அதைப் போடுகிறேன் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாமலிருந்ததில் இருந்தது. திடீரென்று நிறுத்தினால் யார் கவனிப்பார்கள்? தப்பாகப் போனால் யார் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்? இரண்டாம் முறை தொடங்கியபோது மாமியாரிடமே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கும் அந்தக் காலத்துல அப்படித்தான் இருந்துச்சு, யாருகிட்ட சொல்றது" என்றார்.

அதற்குப் பிறகு அட்டை சாமி படத்துக்குப் பக்கத்து அலமாரியில் இருந்தது. காலையில் மறந்தால் அவர் நினைவுபடுத்துவார். மருத்துவர் குறைக்கச் சொன்னபோது பாதியாக உடைத்துக் கொடுத்ததும் அவர்தான். நேரில் சொல்ல யாருமில்லாதவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணிலோ 104இலோ காசில்லாமல் பேசலாம். உளுந்து டப்பாவில் இப்போது உளுந்து மட்டும் இருக்கிறது.